நோட்டீஸோடு போனவனை உட்காரவைத்தவர்

புதுக்கோட்டையில் மாவட்ட ஆய்வுக் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது செய்தி வந்தது. கைப்பேசியை ஒலியடக்கி மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்தேன். மூன்று முறை அதிர்ந்தது. நான்காவது முறை திருப்பிப் பார்த்தேன். வீடு வீடாகப் போகும் எங்கள் வேலைக்குத் துணை வரும் மும்தாஜ் அனுப்பியிருந்தார்: "காசிம் பாய் மவுத்தாயிட்டாங்க சார். காலையில கடை தெறக்கும்போது நெஞ்சு வலி. அஸருக்கு அடக்கம்." படித்துவிட்டு மறுபடியும் கவிழ்த்து வைத்தேன். எங்கள் வட்டாரத்தின் முறை வந்தது. எழுந்து காய்ச்சல் நிலவரத்தைச் சொன்னேன். தண்ணீர்த் தொட்டிகளைப் பற்றி அதிகாரி கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் தடுமாறாமல் பதில் சொன்னேன். பக்கத்தில் இருந்த நண்பர், "நல்லாச் சொன்னீங்க" என்றார். மதிய உணவுக்குக் கூட்டம் கலைந்தபோதுதான் கிளம்ப அனுமதி கேட்டேன்.

அறந்தாங்கி வழியாகக் கடற்கரைக்குப் போகும் சாலையில் அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. பள்ளிவாசல் முற்றத்தில் பிற்பகல் அஸர் தொழுகைக்கு ஆட்கள் நிறைந்திருந்தார்கள். தொழுகைக்கு முன் கை கால் கழுவும் தொட்டியின் ஓரத்தில் எனக்கு இடம் கிடைத்தது. குனிந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன். கொசுப்புழு இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்பது சற்று நேரம் கழித்துத்தான் எனக்கே உறைத்தது. அடக்கம் செய்யும் மையவாடியில் ஒவ்வொருவராக மூன்று கைப்பிடி மண் போட்டார்கள். யாரோ என் முழங்கையைத் தொட்டு, "நீங்களும் போடுங்க ஹெச்.ஐ. சார்" என்றார். போட்டேன். பிறகு ஜீப்பில் ஏறி அலுவலகம் வந்து அன்றைய அறிக்கையை அனுப்பினேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன், தூங்கினேன். இதை எழுதும் இன்றுவரை அப்படித்தான் இருக்கிறேன்.

அவரை அறிந்த உங்களுக்கு அவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. எங்கள் துறையில் அவரைப் பார்க்காதவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் சொல்கிறேன். முகமது காசிம் எங்கள் வட்டாரத்தின் கடலோர ஊர் ஒன்றில், பள்ளிவாசலை நிர்வகிக்கும் ஜமாஅத்தின் செயலாளராக இருந்தவர். சவூதியில் பல வருடம் லாரி ஓட்டிவிட்டுத் திரும்பி வந்து, கடைத்தெருவில் குழாய், வால்வு, தண்ணீர்த் தொட்டி விற்கும் கடை வைத்திருந்தார். நான் அந்தப் பகுதியின் சுகாதார ஆய்வாளர், ஊரார் வாயில் ஹெச்.ஐ. எங்கள் இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. ஊரின் பெயரை எழுதவில்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

முதல் சந்திப்பு சண்டையாகத்தான் தொடங்கியது. அந்த வருடம் டெங்கு காய்ச்சல் பரவிக்கொண்டிருந்தது. எங்கள் பணியாளர்கள் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் பிடித்து வைத்திருக்கும் ட்ரம், தொட்டிகளில் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்த்து மருந்து ஊற்ற வேண்டும். அந்த ஊரில் பாதி வீடுகள் திறக்கவில்லை. பொது சுகாதாரச் சட்டத்தின்படி நடவடிக்கை எடுப்போம் என்று ஒரு நோட்டீஸ் தயாரித்துக்கொண்டு அவர் கடைக்குப் போனேன். அவர் ஒரு வாடிக்கையாளருக்குக் குழாய் அளந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார்.

"நோட்டீஸ் குடுக்க வந்தீங்களா, பேச வந்தீங்களா?"

நான் நின்றபடியே காகிதத்தை விரித்தேன்.

"நோட்டீஸ்னா அந்த மேசைமேல வச்சுட்டுப் போங்க சார், கையெழுத்துப் போட்டு அனுப்பிடறேன். பேசணும்னா உக்காருங்க. ரெண்டும் ஒண்ணா முடியாது."

ஏன் உட்கார்ந்தேன் என்று இன்றும் எனக்குத் தெரியாது. வெயிலில் வந்த களைப்பாகக்கூட இருக்கலாம். காகிதத்தை மடித்துப் பையில் வைத்தேன்.

கதவுகள் ஏன் திறக்கவில்லை என்று அன்றைக்குத்தான் கேட்டேன். அதுவரை யாரையும் கேட்டதில்லை. பெரும்பாலான வீடுகளில் ஆண்கள் வளைகுடாவில் இருந்தார்கள். பெண்களும் பிள்ளைகளும் மட்டும் இருக்கும் வீட்டுக்குள் நாங்கள் இரண்டு ஆண்களை அனுப்பிக்கொண்டிருந்தோம். அவர்கள் கொல்லைப்புறம் வரை போய்ப் படம் எடுத்தார்கள். புழு இருந்த வீட்டுக் கதவில் சாக்பீஸால் குறி போட்டார்கள். "எங்க பொம்பளைங்க சட்டத்தை எதுக்கல சார். முன்ன பின்ன தெரியாத ஆம்பளை கொல்லைக்குள்ள வர்றத எதுக்குறாங்க. அதுக்குச் சட்டத்துல என்ன போட்டிருக்கு?" என்று கேட்டார்.

நாங்கள் செய்யப்போகிறவற்றை வரிசையாகச் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் சொன்ன வார்த்தைகளை அன்று என் டைரியில் எழுதிக்கொண்டேன்.

"என்ன செய்வீங்கன்னு கவர்மெண்ட்ல எல்லாரும் சொல்றாங்க. என்ன செய்ய மாட்டீங்கன்னு சொல்லுங்க. அத வச்சுத்தான் நான் ஊர்ல பேச முடியும்."

வீட்டில் ஆண் இல்லாதபோது ஆண் பணியாளர் போக மாட்டார் என்றேன். படம் எடுக்க மாட்டோம், கதவில் குறி போட மாட்டோம் என்றேன். காய்ச்சல் வந்தவர்களின் பெயரை வெளியே சொல்ல மாட்டோம் என்றும் சொன்னேன். இந்தக் கடைசி ஒன்றை அவர் இரண்டு முறை சொல்லவைத்தார். பதிலுக்கு, எந்த வீட்டில் காய்ச்சல் என்றாலும் அவருடைய கடையில் ஒரு நோட்டில் எழுதிவைப்பது, தினமும் காலையில் அதை எனக்குக் காட்டுவது என்று முடிவானது. ஊரில் தையல் கடை வைத்திருந்த மும்தாஜை எங்கள் பணியாளர் வள்ளியோடு வீடுகளுக்கு அனுப்பினார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் அவரே எழுந்து அறிவித்தார். அடுத்த வாரம் வள்ளி சிரித்துக்கொண்டு வந்து, "எல்லாக் கதவும் தெறந்துருச்சு சார். டீ குடிச்சுக் குடிச்சு வயிறு ரொம்பிப் போச்சு" என்றார்.

வீடுகளில் ஏன் இத்தனை ட்ரம் என்ற பேச்சும் அப்போதுதான் வந்தது. எந்த நாளில் குழாயில் தண்ணீர் வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் எல்லாரும் எப்போதும் சேமித்து வைத்தார்கள். அது எங்கள் துறையில் வராது என்றேன். "வராதுன்னு எங்களுக்கும் தெரியும். யாரு துறைன்னு சொல்லிட்டு, கூட வாங்க" என்றார். அவரோடு ஒன்றிய அலுவலகத்துக்கு மூன்று முறை போனேன். சட்டை வேர்வையில் நனைய வரிசையில் நின்று, உள்ளே போனால் அவர் பேசாமல் என்னைப் பேசவைப்பார். மூன்றாவது முறை அங்கிருந்த பொறியாளர், இன்ன தெருவுக்கு இன்ன கிழமை என்று தண்ணீருக்கு முறை எழுதிக் கொடுத்தார். கிழமை தெரிந்ததும் பாதி ட்ரம்கள் தாமாகவே கவிழ்ந்தன. எந்தச் சட்டத்தைக் காட்டியும் நான் அதைச் செய்திருக்க முடியாது.

இனி சொல்லப்போவதை எழுத வேண்டுமா என்று பல நாள் யோசித்தேன். எழுதாவிட்டால் இது அவருக்கு எழுதும் அஞ்சலியாக இருக்காது.

அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் மறுபடியும் கூடியது. ஒருநாள் காலை எங்கள் துறையின் வாட்ஸ்அப் குழுவில், காய்ச்சல் கண்டவர்களின் பட்டியல் உடனே வேண்டும் என்று மேலிருந்து கேட்டார்கள். நான் காசிம் பாயின் கடையில் இருந்தேன். நோட்டு என் கையில் இருந்தது. தட்டச்சு செய்ய நேரமில்லை. பக்கத்தை அப்படியே படம் எடுத்துக் குழுவில் போட்டேன். அரை நிமிட வேலை. குழுவில் இருந்த யாரோ அதை வேறு யாருக்கோ அனுப்பினார்கள். மாலைக்குள் அந்தப் பக்கம், பெயரும் தெருவும் கதவு எண்ணுமாக, ஊரில் எல்லாருடைய கைப்பேசியிலும் இருந்தது. பக்கத்து ஊர்களுக்கும் போனது. பட்டியலில் இருந்த ஒரு வீட்டுக்கு மறுநாள் பெண் பார்க்க வர இருந்தவர்கள் வரவில்லை. இன்னொருவருடைய டீக்கடையில் ஈ காக்கை இல்லை. பட்டியலில் இருந்த வீட்டுப் பிள்ளைகளை டியூஷனுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் வள்ளி பத்து மணிக்கே திரும்பி வந்தார். "ஒரு கதவும் தெறக்கல சார். மும்தாஜ் அக்காவையே உள்ள விடல."

காசிம் பாயின் கடைக்கு முன்னால் கூட்டம் கூடிச் சத்தம் போட்டதாகவும் சொன்னார். நோட்டு அவருடையது. எழுத்து அவருடையது. ஊர் அவரைத்தான் கேட்டது. அவர் என்ன பதில் சொன்னார் என்று வள்ளிக்குத் தெரியவில்லை.

நான் போகவில்லை. ஒரு நாள் இல்லை, மூன்று நாள் போகவில்லை. குழுவில் பலர் இருக்கிறார்கள், வெளியே அனுப்பியது நான் இல்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விசாரணை வரட்டும், தெரிந்துவிடும் என்று நினைத்தேன். அவருக்கு இரண்டு முறை அழைத்தேன். எடுக்கவில்லை. எடுக்காதது நிம்மதியாகவும் இருந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும்.

நான்காம் நாள் மும்தாஜ் அழைத்தார். ஒரு கர்ப்பிணிப் பெண், ஆறாம் மாதம். நான்கு நாள் காய்ச்சலை வெளியே சொல்லாமல் வீட்டிலேயே வைத்திருந்திருக்கிறார்கள். சொன்னால் பெயர் பட்டியலில் வரும் என்ற பயம். அன்று காலை மயங்கி விழுந்ததும் ஆம்புலன்ஸில் புதுக்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நான் வள்ளியையும் அழைத்துக்கொண்டு போனேன்.

வார்டுக்கு வெளியே காசிம் பாய் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும், "வந்துட்டீங்களா? பி நெகட்டிவ் ரத்தம் வேணுங்கிறாங்க. ஒங்க ஆபீஸ்ல யாருக்காச்சும் இருக்கா?" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. நான் வாய் திறப்பதற்குள் வள்ளி, "எனக்கு பி நெகட்டிவ்தான்" என்று சொல்லிவிட்டு ரத்தம் கொடுக்கும் இடத்தை விசாரித்துக்கொண்டு போய்விட்டார். அந்தப் பெண் பிழைத்தார். குழந்தை பிழைக்கவில்லை.

மதியம் இருவரும் ஆஸ்பத்திரி வளாகத்தில் ஒரு வேப்பமரத்தடியில் நின்றோம். அப்போது சொன்னேன். "அந்தப் படத்தைப் போட்டது நான்தான் பாய்."

"தெரியும் சார்."

"எப்படி?"

"படத்துல ஓரமா விரல் தெரிஞ்சுச்சு. ஒங்க மோதிரம்."

நான் என் கையைப் பார்த்துக்கொண்டேன். நான்கு நாளாக அவருக்குத் தெரிந்திருக்கிறது. கடை வாசலில் கூட்டம் சத்தம் போட்டபோதும் தெரிந்திருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நான் சொன்னா அது காட்டிக்குடுத்தது. அப்புறம் எந்த ஆபீஸரும் எங்க ஊர்ல வந்து உக்கார மாட்டாரு. நீங்களா சொன்னா அது வேற. அதான் பாத்துக்கிட்டு இருந்தேன், வருவீங்களான்னு."

வெள்ளிக்கிழமை வந்து எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார், வேண்டாம் என்பதுபோல.

"மன்னிப்புக் கேக்காதீங்க. கேட்டா நாலு பேரு சரி சரி, விடுங்க சார்னுருவாங்க. அதோட முடிஞ்சுரும், ஒருத்தனும் நம்ப மாட்டான். என்ன நடந்துச்சோ அதச் சொல்லுங்க. யாரு, எப்ப, எதுக்கு. அத மட்டும் சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் முற்றத்தில் நின்று சொன்னேன். பட்டியல் கேட்டார்கள், அவசரப்பட்டேன், படம் எடுத்தேன், பெயரை வெளியே சொல்ல மாட்டோம் என்று கொடுத்த வாக்கை மீறினேன், மூன்று நாள் ஒளிந்துகொண்டேன், காசிம் பாய்க்கு இதில் பங்கில்லை. ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. குழந்தையை இழந்த பெண்ணின் தகப்பனார் முன்வரிசையில் இருந்தார். எழுந்தார். "இதச் சொல்றதுனால எம் பேரப்புள்ள வந்துருமா சார்?" என்று கேட்டார். சத்தம் போடவில்லை, கேட்டார். காசிம் பாய் ஏதாவது சொல்லி என்னைக் காப்பாற்றுவார் என்று அவர் பக்கம் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தபடி இருந்தார். பெரியவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். நானும் போனேன்.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அவரே ஒத்துக்கொள்ள மாட்டார். மறுநாள் திறந்தது ஒரே வீடு, காசிம் பாயின் வீடு. அடுத்த வாரம் அவருடைய தெரு. மற்றத் தெருக்களுக்கு இரண்டு மாதமானது. ஒன்றிரண்டு வீடுகள் இன்றுவரை திறக்கவில்லை. நோட்டு மும்தாஜின் கைக்கு மாறியது. எங்களுக்கு வருவது எண்ணிக்கையும் தெருவும் மட்டும்தான். யாருக்கு உதவி தேவையோ அவருடைய பெயரை மும்தாஜ் நேரில் வந்து சொல்வார். பெயரே இல்லாத பட்டியலா என்று மேலே கேட்டார்கள். இந்த ஊருக்கு அப்படித்தான் என்று எழுதிக்கொடுத்தேன். வேறு சில ஊர்களிலும் இப்போது அப்படித்தான் செய்கிறோம்.

நடந்ததை நானே மேலே அறிக்கையாக எழுதியதால் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. இடமாற்றம் வரும் என்று பேச்சு. காசிம் பாய் ஜமாஅத்தார் நால்வரோடு வட்டார அலுவலகத்துக்கு வந்து மருத்துவ அலுவலரைப் பார்த்தார். நான் அடுத்த அறையில் இருந்தேன். அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

"இவரு மேல உள்ள பிரியத்துல வரல டாக்டர். புது ஆளு வந்தா நாங்க மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். இவரு எங்ககிட்ட ஒரு தடவை பட்டுட்டாரு. இவரே இருக்கட்டும்."

போகும்போது என் அறைப்பக்கம் எட்டிப் பார்த்தார். டீ சொல்லவா என்றேன். தண்ணீர் போதும் என்றார். எங்கள் அலுவலகத்தில் அவர் ஒருமுறையும் டீ குடித்ததில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "வேலை விஷயமா வர்ற எடத்துல கை நனைச்சா அப்புறம் சண்டை போட முடியாது" என்று ஒருநாள் சொன்னார். சண்டை போட்டும் இருக்கிறார், பல முறை. காலை ஐந்தரைக்கு அழைத்து, வாய்க்கால் அடைத்திருக்கிறது என்று கத்துவார். நான் மதியத்துக்குள் போகாவிட்டால் படம் அனுப்புவார். விடுமுறை நாள் என்பதெல்லாம் அவருக்குக் கிடையாது. எரிச்சலில் சில நாள் அவருடைய அழைப்பை நான் எடுக்காமலும் இருந்திருக்கிறேன்.

கடைசியாகப் பேசியதும் சண்டைதான். ஊரில் ஒரு திருமணம் இருந்தது. தெருக்களில் புகை மருந்து அடிக்க வேண்டும் என்றார். புழு இல்லாத தெருவில் புகை அடிப்பதில் பயனில்லை, முடியாது என்றேன். "கண்ணுக்கு ஏதாச்சும் தெரிஞ்சாத்தான் ஜனங்க நம்புவாங்க சார், ஒங்களுக்கு அது புரியல" என்றார். அடிக்க முடியாது பாய் என்று மறுபடியும் சொன்னேன். இழுக்காமல் அன்றைக்கே சொன்னேன். முடியாது என்றால் உடனே சொல்லிவிடுங்கள் என்பது அவரே பல தடவை கேட்டதுதான். பதில் சொல்லாமல் போனை வைத்தார். எட்டு நாளில் மும்தாஜின் செய்தி வந்தது.

மூன்றாம் நாள் துக்கம் கேட்க அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி திரைக்கு அந்தப்பக்கம் இருந்து பேசினார். கடைசியாகப் பேசியபோது காசிம் பாய் கோபத்தோடு போனை வைத்தார், அதற்குப் பிறகு நான் அழைக்கவில்லை என்று அவரிடம் சொன்னேன்.

"கோவமாத்தான் இருந்தாங்க சார், ஒங்க மேல. பொய் சொல்லக் கூடாது" என்றார்.

அந்த வீட்டில் வேறு பதிலை நான் எதிர்பார்த்திருக்கக் கூடாது. எழுந்து வந்தேன். வெளியே வள்ளியும் மும்தாஜும் வழக்கம்போல அடுத்த தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

நான் ஓய்வு பெற இன்னும் சில மாதங்களே இருக்கின்றன. பொறுப்பை ஒப்படைக்கும்போது மருந்து இருப்பு, கருவிகள், பதிவேடுகள் என்று ஒரு படிவம் நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். அதில் இந்த ஊரைப் பற்றி எழுத இடமில்லை. அதனால் எனக்குப் பின் வருபவரை ஒரு வெள்ளிக்கிழமை அந்த முற்றத்துக்கு அழைத்துப்போவேன். நன்றாக நடந்தவற்றை ஊரார் சொல்லட்டும். பட்டியலைப் படம் எடுத்தது யார், அதனால் எந்த வீட்டில் என்ன நடந்தது என்பதை நான் சொல்வேன். அந்தப் பெரியவர் அன்றைக்கும் முன்வரிசையில் இருக்கலாம். காசிம் பாயிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இது ஒன்றுதான்: நடந்ததை நடந்தபடி, என் வாயால், சம்பந்தப்பட்டவர்களின் முகத்தைப் பார்த்துச் சொல்வது. இன்னும் அது எனக்கு எளிதாகவில்லை.